ஒசாகா வீதியில் ஒரு வெறும் சோற்றுப் பெட்டி

போன வருஷம் கார்த்திகை மாதம் நடந்தது இது. ஜப்பானில் ஒசாகா என்கிற பெரிய நகரத்தில், கால்வாய்க்கு மேலே ஒரு பாலத்தில், தோள்பையில் ஒரு காலிச் சோற்றுப் பெட்டியை வைத்துக்கொண்டு நான் தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தேன். தருவைகுளத்தில் கருவாடு காயப்போடுகிறவளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். அன்றைக்கு எனக்கும் அதே கேள்விதான்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பயந்தவள். சாதாரணப் பயம் இல்லை. தூத்துக்குடிக்குப் போக பஸ் ஏறினால், இது சரியான பஸ்தானா என்று ஏறும்போது இரண்டு பேரிடம் கேட்பேன். தூத்துக்குடியில் இறங்கிய பிறகும் கண்டக்டரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்வேன். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் பாதிப் பூசையில் எழுந்து வீட்டுக்கு ஓடியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் கடலுக்குப் போனால், திரும்பி வருகிற வரை எனக்குச் சோறு இறங்காது. "கவலப்பட ஒண்ணும் இல்லன்னா, ஏன் ஒண்ணும் இல்லன்னு அதுக்கும் கவலப்படுவா இவ" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அப்படிப்பட்ட என்னையும், கடல்பாசி வளர்க்கிற இன்னும் நாலு பெண்களையும், மீனவப் பெண்களுக்காக வேலை செய்கிற ஒரு தொண்டு நிறுவனம் ஜப்பானுக்கு அழைத்துப் போனது. அங்கே ஒரு கடற்கரைக் கிராமத்தில் ஆளுக்கு ஒரு வீட்டில் தங்கி, அவர்கள் பாசியை எப்படி வளர்த்து எப்படிக் காயவைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வர வேண்டும். இரண்டு வாரம். கூட்டிப் போன மேடம் எங்கள் பக்கத்து நாசரேத்துக்காரப் பெண். என்னைவிட ரொம்பச் சின்னவள், ஜப்பான் பாஷையும் ஓரளவு தெரியும். விமானத்தின் கதவைச் சரியாகப் பூட்டினார்களா என்று நான் கேட்டபோதுகூட அவள் சிரிக்கவில்லை. "பூட்டிட்டாங்கக்கா, நானே பாத்தேன்" என்றாள். அதற்காகவே அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

நான் தங்கிய வீட்டில் கணவனும் மனைவியும் மட்டும். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய என் வயது. அவர் விடியற்காலம் படகில் போவார். அந்த அம்மா கரையில் பாசியை அலசி, தாள் தாளாகப் பரப்பிக் காயவைப்பாள். அவள் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவளுக்குப் புரியாது. ஆனால் காற்று திரும்பினால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து கடலைப் பார்ப்போம். அவளும் என் ஜாதிதான், கவலைப்படுகிற ஜாதி என்று எனக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது.

அந்த வீட்டுக்காரர் கடலுக்குக் கொண்டுபோகிற சோற்றுப் பெட்டி ஒன்று உண்டு. பழைய அலுமினியப் பெட்டி. ஒரு மூலை நசுங்கியிருக்கும். அவள் அதில் சோற்றை அடைத்து, நடுவில் சிவப்பாக ஒரு புளிப்புக் காயை வைத்து, நீலக் கட்டம் போட்ட துணியில் முடிச்சுப் போட்டுக் கொடுப்பாள். அவர் திரும்பி வந்ததும் நான் அதைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கழுவி வைப்பேன். சும்மா உட்கார்ந்து தின்பதற்கு எனக்குக் கூச்சம். அந்த வீட்டுக்குள் எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

கிளம்புகிற அன்றைக்குக் கடல் கொந்தளிப்பு, படகு போகவில்லை. இரண்டு பேருமே ரயிலடிக்கு வந்தார்கள். அந்த அம்மா குனிந்து வணங்கினாள். நானும் குனிந்தேன். அவள் மறுபடி குனிந்தாள், நானும் குனிந்தேன். இது எங்கே போய் முடியும் என்று தெரியாமல், நான் அவளை இழுத்துக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டேன். அவள் ஒரு நிமிஷம் கட்டை மாதிரி நின்றாள். அப்புறம் என் தோளில் முகத்தை வைத்து அழுதாளே ஒரு அழுகை! அவர் தண்டவாளத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ரயில் வந்ததும் அந்த அம்மா நீலத் துணி முடிச்சு ஒன்றை என் கையில் திணித்தாள். வண்டி வளைவில் திரும்புகிற வரை இரண்டு பேரும் கையாட்டிக்கொண்டே நின்றார்கள்.

ஒசாகாவுக்குப் பாதி வழியில் எல்லோரும் சாப்பாட்டைப் பிரித்தோம். முடிச்சை அவிழ்த்தேன். அதே அலுமினியப் பெட்டி. அதே நசுங்கின மூலை. மற்ற நாலு பேருக்கும் தின்றுவிட்டுத் தூரப் போடுகிற அட்டை டப்பாவில்தான் கொடுத்திருந்தார்கள்.

பக்கத்தில் இருந்தவள் எங்கள் ஊர்க்காரி, எனக்கு மைனி, அதாவது அண்ணி முறை. கிண்டல் இல்லாமல் அவளுக்கு மூச்சு விடத் தெரியாது.

"என்னளா இது? எங்களுக்கெல்லாம் அட்டை, ஒனக்கு மட்டும் அலுமினியமா? தூக்கிட்டு வந்துட்டியோ?"

"சும்மா இரிங்க மைனி. அவுக கடலுக்குக் கொண்டுபோற பெட்டி இது. நாளைக்கு அந்த மனுசன் எதுல சோறு கொண்டுபோவாக?"

"ஜப்பான்ல பெட்டிக்கா பஞ்சம்? தின்னுட்டுப் பேசாம பைல போடு. ஊர்ல போய் நெத்திலி போட்டு வைக்கலாம்."

சாப்பிட்டேன். அவளோடு சேர்ந்து நான் பரப்பிக் காயவைத்த பாசியையே மேலே சுற்றி வைத்திருந்தாள். ருசிக்குக் குறைவில்லை. ஆனால் கடைசி வாய் உள்ளே போனதும் பெட்டியின் அடி தெரிந்தது பாருங்கள், அங்கே பிடித்தது எனக்குக் கவலை.

அடுத்த வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் குழம்பு வந்தால், அதை வெறுமனே கழுவித் திருப்பிக் கொடுக்க மாட்டோம். ஒரு கை சீனி, இரண்டு பழம், ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி அரிசியாவது போட்டுத்தான் கொடுப்போம். நம் எல்லோர் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். கடலுக்குப் போகிறவரின் பாத்திரம் என்றால் என் மாமியார் இன்னும் கண்டிப்பு. அதை அடுத்த வீட்டில் ஓர் இரவு வெறுமையாகத் தங்கவிட மாட்டார்கள். "வெறும் சட்டி திரும்புனா வெறும் வலை திரும்பும்" என்பார்கள். படித்தவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். வீட்டுக்காரரைக் கடலுக்கு அனுப்பிவிட்டு வாசலில் நிற்கிறவளுக்கு அப்படி இல்லை. இரண்டு வாரம் எனக்குச் சோறு போட்ட பெண்ணின் புருஷனுக்கு என் கையால் ஒரு குறை வரக் கூடாது. மறுநாள் காலையில் விமானம். எனக்கு இருந்தது அந்த ஒரு பிற்பகல்.

ஒசாகாவில் இறங்கியதும், பெட்டியில் ஏதாவது போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று மேடத்திடம் சொன்னேன். பாவம், ஐந்து பேரின் பயணப் பெட்டிகளையும் எண்ணிக்கொண்டிருந்தாள். "அக்கா, அது அவங்க உங்களுக்கு நினைவாக் குடுத்திருப்பாங்க. வச்சுக்கோங்க" என்றாள். நினைவாகக் கொடுக்கிறவர்கள் தினம் எடுக்கிற பெட்டியையா கொடுப்பார்கள்? தங்கும் விடுதியில் குழாயடியில் அதைத் தேய்த்துக் கழுவி, துணியில் கட்டி, தோள்பையில் போட்டுக்கொண்டேன்.

மத்தியானத்துக்கு மேல் எல்லோரையும் ஊர் பார்க்கக் கூட்டிப் போனாள். அம்மாடி, என்ன ஊர் அது! ரோட்டைக் கடக்க நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் எங்கள் மாதா கோயில் திருவிழா சப்பரத்துக்குப் பின்னால் வருகிற கூட்டம் மாதிரி இருக்கிறது. ஆனால் ஒரு சத்தம் இல்லை. கால்வாய்க் கரையில் ஒரு கடையின் முகப்பில் வள்ளம் அளவுக்கு ஒரு நண்டுப் பொம்மை, காலை ஆட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் ஐந்து பேரும் அதைப் பார்த்து வாயைப் பிளந்தோம். இன்னொரு பக்கம் எட்டுக்கால் பேய்க்கணவாயை மாவில் உருட்டிச் சுட்டு, குச்சியால் குத்திக் குத்தித் தின்றார்கள். "நம்ம ஊர்ல எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரனுக்குப் போடுத சரக்கு, இங்கன வந்து போண்டாவா மாறிட்டு" என்றாள் மைனி. கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

பக்கத்தில் ஓர் உயரமான கட்டடம். அதன் உச்சிக்குப் போய் ஊரைப் பார்க்கலாம் என்றார்கள். என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டேன். மேடம் என்னை அந்த நண்டுக் கடைக்குப் பக்கத்துப் பாலத்தின் ஓரமாக நிறுத்தி, "இந்த எடத்த விட்டு அசையாதீங்கக்கா" என்று இரண்டு தடவை சொன்னாள். மைனி போகிறபோதே, "மேல இருந்து ஒனக்குக் கையாட்டுதேன், தெரியுதான்னு பாரு" என்றாள்.

அவர்கள் போனதும் தோள்பை கனத்தது. காலிப் பெட்டி எப்படிக் கனக்கும் என்று கேட்காதீர்கள். கனத்தது. எதிரே வரிசையாகக் கடைகள். நாலு கடை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுவோம் என்று நினைத்தேன். வழி தவறாமல் இருக்க ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். போகும்போது தண்ணீர் வலது கைப் பக்கம். வரும்போது இடது கைப் பக்கம். கரையோரம் பிறந்தவளுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

நாலு கடை பத்துக் கடை ஆனது. பொம்மை, விசிறி, பூப்போட்ட பெட்டிகளில் மிட்டாய். எல்லாம் அழகுதான். எதுவும் அந்தப் பெட்டிக்குள் போகிற சாமானாகத் தெரியவில்லை. ஒரு கடையிலிருந்து அடுத்த கடை என்று போனதில், மேலே கூரை போட்ட ஒரு நீளமான கடைத்தெருவுக்குள் நுழைந்திருக்கிறேன். அந்தத் தெரு இரண்டாகப் பிரிந்து, அது இன்னும் இரண்டாகப் பிரிந்தது. கூரை முடிகிற பக்கம் ஓடினேன். நல்ல வேளை, தண்ணீர் இருந்தது. ஆனால் நண்டைக் காணோம். பாலமும் வேறு. எங்கள் ஊரில் தண்ணீர் ஒரு பக்கம்தான். அந்த ஊரில் கால்வாய் எத்தனையோ!

விடுதிக்கு வெளியே என் போன் பேசாது, படம் மட்டும்தான் பார்க்கலாம். வெளிச்சம் மங்கத் தொடங்கியது. என்னைக் காணாமல் மேடம் என்ன பாடு படுவாள்? காலையில் விமானத்தை விட்டுவிடுவேனோ? என் வீட்டுக்காரர் விமான நிலையத்தில் என்னைத் தேடுகிற வரை என் மனசு போய்விட்டது. "மாதாவே, இந்தப் பெட்டியை ஒரு வழி பண்ணிக் குடு, என்னையும் ஒரு வழி பண்ணிக் குடு" என்று வேண்டிக்கொண்டு திரும்பி நடந்தேன். அப்போதும் பார்த்தீர்களா, பெட்டிதான் முதலில் வந்தது.

அந்தக் கடைத்தெருவின் மூலையில் ஒரு சின்னக் கடை. முன்னால் ஒரு தட்டில் கறுப்பாக, கட்டி கட்டியாக ஏதோ உடைத்து வைத்திருந்தார்கள். என் கால் தானாக நின்றது. தலையில் வெள்ளைத் துணி கட்டிய ஒரு பெண், என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, இடுக்கியால் ஒரு துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். வாயில் போட்டேன். அப்படியே கருப்பட்டி! அவர்கள் கரும்பில் காய்ச்சுகிறார்களாம், இது பிறகு தெரிந்தது. ஆனால் அந்த அடிப்பிடித்த வாசம், நாக்கில் ஒட்டுகிற உப்புக் கரிப்பு, அப்படியே இருந்தது. நான் ஊரிலிருந்து கொண்டுபோன உடன்குடிக் கருப்பட்டியை அந்த ஜப்பான் வீட்டுக்காரர் தினம் ராத்திரி ஒரு துண்டு கடித்துக்கொண்டு டீ குடிப்பார். முதல் வாரத்திலேயே தீர்ந்துவிட்டது. தீர்ந்த பிறகும் டப்பாவைத் திறந்து பார்ப்பார்.

பையிலிருந்து பெட்டியை எடுத்துத் திறந்து நீட்டினேன். அவள் ஒரு காகிதப் பையைக் காட்டினாள். தலையை ஆட்டினேன். பூப்போட்ட டப்பாவைக் காட்டினாள். அதற்கும் வேண்டாம் என்றேன். போனில் அந்தக் கணவன் மனைவி படத்தைக் காட்டினேன். பெட்டியைத் தொட்டு, படத்தில் அவரைத் தொட்டேன். சாப்பிடுகிற மாதிரி காட்டி, என் வயிற்றைத் தடவினேன். அப்புறம் பெட்டியைக் கவிழ்த்து, வெறும் பெட்டி என்று காட்டி, கூடாது கூடாது என்று கையை ஆட்டினேன். தமிழில் வேறு பேசிக்கொண்டே இருந்தேன். "வெறுமனே குடுக்கக் கூடாதும்மா, கடலுக்குப் போற பெட்டி."

அவள் என்னையே பார்த்தாள். திடீரென்று இரண்டு கையையும் சேர்த்து ஒரு தட்டுத் தட்டினாள். ஏதோ சொல்லிக்கொண்டே கடைக்குள்ளே ஓடினாள். திரும்பி வரும்போது கையில் ஒரு கிண்ணம். பக்கத்துக் கடையைக் கையால் காட்டினாள். கிண்ணத்தைக் காட்டினாள். உறிஞ்சிக் குடித்து, ஆகா என்று கண்ணை மூடிக் காட்டினாள். அப்புறம் கிண்ணத்தைச் சாய்த்தாள். உள்ளே இரண்டு கமலா ஆரஞ்சு. பக்கத்துக் கடைக்காரி கொடுத்தனுப்பிய கிண்ணம். கழுவி, இரண்டு பழம் போட்டு, திருப்பிக் கொடுக்கத் தயாராக வைத்திருக்கிறாள்!

நான் கிண்ணத்தைக் காட்டிச் சிரிக்க, அவள் பெட்டியைக் காட்டிச் சிரிக்க, வாங்க வந்தவர்கள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தார்கள். தொலைந்துபோனவள் என்பதே எனக்கு மறந்துவிட்டது. அவள் ஒரு கையுறையை எடுத்துக் கொடுத்தாள். கட்டி கட்டியாகப் பொறுக்கி, இடைவெளி தெரியாமல் என் கையாலேயே அடுக்கினேன். மூடி அமுங்கி மூடியது. நீலத் துணியில், அந்த அம்மா போடுகிற மாதிரியே முடிச்சும் போட்டேன்.

எங்கள் கழுத்தில் ஓர் அட்டை தொங்கவிட்டிருந்தாள் மேடம். கிராமத்தில் தொலைந்துபோனால் காட்டுவதற்காக, அவரவர் தங்கிய வீட்டின் விலாசம் ஜப்பான் எழுத்தில் அதில் இருந்தது. கடைக்காரி அதைப் படித்துவிட்டு, கடையைப் பக்கத்துக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். எதிரே எந்நேரமும் திறந்திருக்கிற ஒரு கடை. சோப்பு, பால், பத்திரிகை விற்கிற அதே கடையில் பார்சலும் வாங்கிக்கொள்கிறார்கள். அவளே விலாசம் எழுதினாள். பெட்டி என் கையை விட்டுப் போகும்போது, பத்திரமாய்ப் போய்ச் சேருமா என்று பழைய பயம் எட்டிப் பார்த்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவள் கன்னத்தில் கையை வைத்துத் தூங்குகிற மாதிரி காட்டி, கண்ணைத் திறந்து, கதவைத் தட்டுகிற மாதிரி காட்டினாள். ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் போய்விடுமாம்.

அப்புறம்தான் நான் தொலைந்துபோன விஷயம் ஞாபகம் வந்தது. பாலத்தை எப்படிக் கேட்பது? யோசிக்கவே இல்லை. இரண்டு கையையும் தூக்கி, விரல்களை இடுக்கி மாதிரி ஆட்டிக்கொண்டு, பக்கவாட்டில் நாலு எட்டு நடந்து காட்டினேன். நடுத்தெருவில், நாற்பது வயதைத் தாண்டிய நான்! அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, நேராக அந்த நண்டுக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினாள்.

அங்கே போவதற்கு முன்பே மைனியின் குரல் வந்துவிட்டது. கடலில் போகிற வள்ளத்தைக் கரையிலிருந்து கூப்பிடுகிற குரல் அவளுடையது. ஒசாகாவே திரும்பிப் பார்த்தது.

"ஏளா...! எங்கன போய்த் தொலஞ்ச? மேல நின்னு கையாட்டிக் கையாட்டி என் கையி போச்சு! கீழ ஆளக் காணும்!"

மேடம் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். அவள் கண் சிவந்திருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. அவள் வாயைத் திறக்கும் முன் கடைக்காரி குனிந்து வணங்கி, நீளமாக ஏதோ சொன்னாள். கேட்கக் கேட்க மேடத்தின் முகம் மாறியது. கடைசியில் சிரித்தேவிட்டாள்.

"என்ன சொல்லுதா?" என்றாள் மைனி.

"அக்காவத் திட்டாதீங்கன்னு சொல்றாங்க. இவங்க வழி தவறி வரலன்னா, பெட்டி வெறும் பெட்டியாவே போயிருக்குமாம். இங்கயும் அப்படி அனுப்ப மாட்டாங்களாம். அவங்க அம்மா படிச்சுப் படிச்சுச் சொல்வாங்களாம்."

மைனி கடைக்காரியை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "அப்ப ஜப்பான்லயும் ஒன் மாமியா இருக்காளா?" என்றாள். மேடத்தால் அதை மொழிபெயர்க்க முடியவில்லை, சிரிப்புதான் வந்தது. நான் கடைக்காரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு அது எனக்கு இரண்டாவது தடவை.

ஊர் வந்து சேர்ந்த பிறகு, மேடம் மூலமாக ஒரு படமும் செய்தியும் வந்தன. படகில் அந்த வீட்டுக்காரர், மடியில் அலுமினியப் பெட்டி, கன்னம் உப்பியிருக்கிறது. வாய் நிறைய அந்தக் கரும்புக் கருப்பட்டி என்று பார்த்ததுமே தெரிந்தது. தினம் நான் அந்தப் பெட்டியைத் தேய்த்துக் கழுவுவதைப் பார்த்து எனக்கு அதன்மேல் ஆசை என்று நினைத்து, நினைவாகத்தான் கொடுத்தார்களாம். மேடம் சொன்னதுதான் சரி. ஆனால் கொடுத்த மறுநாள் காலையில் அவர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தூக்கிக்கொண்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கடலுக்குப் போனாராம். திரும்பி வரும்போது வாசலில் பெட்டி வந்து காத்திருந்ததாம். கொடுத்ததைத் திரும்பக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டிருந்த மனுஷன், அதைப் பார்த்ததும் டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாராம்.

என் பயம் எங்கும் போய்விடவில்லை. போன வாரம் கூட ஓட்டப்பிடாரம் பஸ்ஸில் ஏறிவிட்டு இரண்டு பேரிடம் கேட்டேன். ஆனாலும் எந்தத் தெரியாத ஊரில் போய் நின்றாலும், கழுவிய கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மனசு வராத ஒரு பெண் அந்த ஊரிலும் எங்கேயோ ஒரு மூலையில் இருப்பாள் என்கிற தைரியம், ஒசாகாவிலிருந்து நான் கொண்டுவந்தது, என்னோடு இருக்கிறது.